ஊதிப் பார்க்காமல் வாங்கிய டூபா

என் வீட்டு உள்ளறையில், அரிசிப் பானைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு டூபா கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதை அண்டா என்றுதான் முதலில் நினைப்பார்கள். பித்தளையில் செய்த ஊதுகிற வாத்தியங்களிலேயே பெரியது அது. மடியில் தூக்கி வைத்து, இரண்டு கையாலும் அணைத்து, அடிவயிற்றிலிருந்து ஊத வேண்டும். பாண்டு செட்டில் பாட்டின் மெட்டை மற்றவர்கள் ஊதுவார்கள். டூபாக்காரன் அடியில் கிடந்து 'பூம், பூம்' என்று தாங்கிக்கொண்டிருப்பான். அதை வாங்கப் போன நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. போகப் போக ஆறிவிடும் என்றார்கள். ஒன்றும் ஆறவில்லை.

நான் டூபா ஊத ஆசைப்பட்டவன் இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பாண்டில் நான் கார்னெட் ஊதினேன். கைக்குள் அடங்குகிற சின்ன வாத்தியம். ஆனால் மெட்டு முழுக்க அதனிடம்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலையும் பார்த்தேன். அது சோற்றுக்கு. தெருவில் யாராவது என்னைக் காட்டி, "அங்கன போறாருல்லா, கணக்கு வாத்தியாரு" என்றால் சுருக்கென்று இருக்கும். "கார்னெட் ஊதுதாரே, அவரு" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கெல்லாம் என் நடையே வேறு. கிறிஸ்துமஸ் பவனி, கல்யாண ஊர்வலம், சவ அடக்கம், எதுவானாலும் முன்வரிசையில் நான் நிற்பேன்.

என் மனைவி ஆலயத்தில் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து பாடுவாள். போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தவள், நல்ல சாரீரம். என் ஊதலும் அவள் பாட்டும் ஆலயத்தின் இரண்டு மூலையிலிருந்து கிளம்பி நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தச் சந்திப்பை நாங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருந்தோம்.

கொல்லத்துக்கு ரயில் விட்டுச் சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு மார்கழிக் காலையில் வண்ணாரப்பேட்டைப் படித்துறையில் ஆற்றில் குளித்துவிட்டு ஏறும்போது பாசி வழுக்கிக் குப்புற விழுந்தேன். கல்லில் மோதி மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. கார்னெட்டின் ஊதுவாய் சின்னது. அதை உதட்டில் அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் உதட்டுக்குப் பின்னால் பல் நிற்க வேண்டும். எனக்கு உதடு உள்ளே புதைந்தது, காற்றுதான் வந்தது. புண் ஆறட்டும் என்று பொறுத்தேன். ஆறின பிறகும் காற்றுதான். வகுப்பில் 'முப்பத்தாறு' என்று சொன்னால் பிள்ளைகள் சிலேட்டுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கார்னெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்த அன்று நான் சாப்பிடவில்லை.

பாண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். என்னைவிட மூத்தவர். முன்பு பாளையங்கோட்டையில் இருந்த பட்டாளத்தில் பாண்டு ஊதியவர். பட்டாளம் போனபோது விட்டுப்போன பழைய செட்டைத்தான் சபை வாங்கி எங்கள் பாண்டை அமைத்திருந்தது.

"கார்னெட்டு இனி உமக்கு ஆகாது வே" என்றார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "ஊதுவாய் பெருசா இருந்தா ஒண்ணு ரெண்டு பல்லு இல்லாட்டாலும் பாதகமில்ல. நம்ம செட்டுல டூபா கிடையாது. அடி இல்லாம பாட்டு அந்தரத்துல நிக்கி. நீரு ஒண்ணு வாங்கிட்டீருன்னா, உம்ம இடம் உமக்கு."

உம்ம இடம் உமக்கு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். கார்னெட்டைச் செட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு வாலிபனுக்கு விற்றேன். வீட்டில் நின்ற கறவை மாட்டையும் விற்றோம். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகும்போது மனைவி அதன் நெற்றியைத் தடவிவிட்டு, "மோரு இல்லாட்டா என்ன, ரசம் இருக்குல்லா" என்றாள். போதாத மீதிப் பணத்தைச் சபை போட்டது. சபை பணம் போட்டால் கூடவே ஆளையும் அனுப்பும். சபைக் காரியங்களைப் பார்த்துவந்த மூப்பர் என்னோடு தூத்துக்குடிக்குப் புறப்பட்டார். மாஸ்டருக்குக் காலில் வாதம், வர முடியவில்லை.

எங்கள் சபை வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முதல் பலன் ஆண்டவருக்கு என்பது வேதத்தில் உள்ளதுதான். எங்கள் ஆட்கள் அதை விடாப்பிடியாகப் பிடித்திருந்தார்கள். வாழை முதல் குலை தள்ளினால், கோழி முதல் முட்டை இட்டால், அது அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்துக்கு வந்துவிடும். புதுத் தறியில் நெய்த முதல் துண்டு, புதுச் செக்கில் ஆட்டின முதல் எண்ணெய், எல்லாம் வரும். டூபாவுக்கு முதல் பலன் எது? மூப்பர் யோசித்து வைத்திருந்தார். ரயிலில் போகும்போது சொன்னார்: "முதல் மூச்சு." எனக்குக்கூட அது அப்போது அழகாகத்தான் பட்டது.

தூத்துக்குடியில் கப்பல் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற கடை அது. நங்கூரச் சங்கிலிக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் நடுவே இரண்டு டூபா இருந்தன. ஒன்று பழையது. மேனியெல்லாம் சொட்டை, வளைவுகளில் பச்சைக் களிம்பு. மற்றது பளபளவென்று மூஞ்சி பார்க்கிற மாதிரி இருந்தது. பிரெஞ்சு தேசத்தில் செய்தது. புதுச்சேரியில் யாரோ வரவழைத்து, வேண்டாமென்று விட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.

நான் பழையதைத்தான் முதலில் மடியில் ஏற்றினேன். அதன் வாயோரத்தில் கிரீட முத்திரை ஒன்று பொறித்திருந்தது. எங்கள் செட்டில் எல்லா வாத்தியத்திலும் அதே முத்திரை உண்டு. நான் விற்ற கார்னெட்டிலும் உண்டு. வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

"ரெண்டையும் ஊதிப் பாருங்க அண்ணாச்சி. சத்தம் எது புடிக்கோ அத எடுத்துக்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

வாயைக் கொண்டுபோனேன். மூப்பர் பதறிவிட்டார். "என்னவே செய்யுதீரு? எத்தன சிப்பாய் வாய் வச்சதோ! சாராயம் குடிச்ச வாயி. அந்த எச்சிலயா ஆலயத்துக்குள்ள கொண்டு போகப் போறீரு?"

"கழுவிக்கிடலாம் அண்ணாச்சி" என்றேன்.

"வாயக் கழுவலாம். உள்ள போன மூச்சக் கழுவ முடியுமாவே?"

எங்கள் செட்டு முழுக்கச் சிப்பாய் எச்சில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அது இவர் மூப்பர் ஆவதற்கு முன்னால் வாங்கியதாம். பாதிரிமார் வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. எச்சில் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. புதியதைக் காட்டி, "இதுல யாரும் வாய் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் கடைக்காரர். "அப்ப இதுதான் ஆண்டவர் நமக்கு வச்சிருக்கது" என்று மூப்பர் முடித்துவிட்டார்.

புதியதை மடியில் வாங்கினேன். ஊதிப் பார்க்க வேண்டுமென்று என் உடம்பே துடித்தது. உதட்டருகே கொண்டுபோவதற்குள் மூப்பர் தன் உள்ளங்கையால் ஊதுவாயைப் பொத்திக்கொண்டார். "முதல் மூச்சு ஆலயத்துலதான்."

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊதிப் பாக்காம ஊதுத சாமான் வாங்குத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். மாட்டக்கூடப் பல்லப் புடிச்சுப் பாத்துத்தான வாங்குதோம்?" பல் என்றதும் நான் என் வாயை மூடிக்கொண்டேன்.

ஊதுவதைத் தவிர மற்ற எல்லாம் பார்த்தேன். பித்தான்களை அழுத்தினேன், வெண்ணெயாக இறங்கி ஏறின. பற்றவைத்த இடங்களை நகத்தால் தட்டினேன். இழுகுழாய்களை உருவிப் பார்த்தேன். எடை பார்த்தேன். சத்தத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒரே ஒரு மூச்சு போதும். வருஷக்கணக்காக ஊதிய கார்னெட்டின் சுருதி என் மண்டைக்குள் நின்றது. ஒரு மூச்சில் எனக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது ரயிலில் டூபாவை ஜமுக்காளத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். "என்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்கு அண்டாவா?" என்று ஒருவர் கேட்டார். மூப்பர் ஊதுவாயைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பண்டிகை வரைக்கும் அது அவர் வீட்டில்தான் இருந்தது. நான் வீட்டில் ஊதுவாய் இல்லாத டூபாவைக் கட்டிக்கொண்டு, பித்தான்களை மட்டும் அழுத்திப் பழகினேன். வாயால் 'பூம்' என்று நானே சொல்லிக்கொள்வேன். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். "உள்ள என்ன சத்தம் இருக்கோ, பாவம், காத்துக்கிடக்கு" என்பாள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைக்குலைகளும் பூசணிக்காய்களும் அடுக்கிய பீடத்தருகே டூபாவையும் வைத்து, எங்கள் போதகரான சபை ஐயர் ஜெபித்தார். மூப்பர் கைக்குட்டையை அவிழ்த்து ஊதுவாயை என்னிடம் தந்தார். குழாயில் செருகினேன். மாஸ்டர் கையை உயர்த்தினார். ஆர்கனும் கார்னெட்டுகளும் மற்ற வாத்தியங்களும் ஒன்றாக எழுந்தன. அடியில் நான் என் முதல் மூச்சை விட்டேன்.

நல்ல கனமான சத்தம். ஆனால் அது வேறு எங்கேயோ இருந்தது. எல்லாரும் ஒரு படியில் நிற்க, நான் அரைப் படிக்கும் கீழே நின்றுகொண்டு கத்துகிறேன். பல் கூசுகிற மாதிரி ஆலயம் முழுவதும் அதிர்ந்தது. பாயில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுதது. உதட்டை இறுக்கித் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று மெதுவாகத் தலையாட்டினார். நான் ஊதுவதை நிறுத்தினேன். பாட்டு நான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் என் மனைவி பாடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசுல்லாவே, பழகணும். பழகினா சரியாப் போகும்" என்றார் மூப்பர், வெளியே வந்து.

பழகிச் சரியாகிற காரியமா அது? பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலீஷ் பட்டாளத்துக்காரன் தன் வாத்தியங்களை உயர்ந்த சுருதியில் செய்வானாம். பிரெஞ்சுக்காரன் செய்வது தாழ்ந்த சுருதி. குழாயை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். உள்ளே தள்ளினால் ஏறும், ஆனால் முழுக்கத் தள்ளிய பிறகு தள்ள இடம் ஏது? சொட்டை விழுந்த அந்தப் பழைய டூபா எங்கள் சுருதிக்காரன். என் சொந்தக்காரனை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

வெயிலில் பித்தளை சூடேறினால் சுருதி கொஞ்சம் ஏறும் என்று யாரோ சொன்னார்கள். சித்திரை வெயிலில் முற்றத்தில் டூபாவை வத்தல் காயப் போடுவதுபோலப் போட்டுவைத்து, கை பொசுங்கப் பொசுங்க எடுத்து ஊதினேன். மெய்யாகவே கொஞ்சம் ஏறியது. கொஞ்சம்தான். டவுணில் பித்தளைப் பாத்திரம் செய்கிற ஒரு கன்னாரிடம் கொண்டுபோனேன். குழாயை வெட்டிக் குறைக்கலாம், பிறகு அது ஊதுமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வெட்ட மனம் வரவில்லை. திருப்பி விற்றுவிட்டுப் பழையதை வாங்கலாம் என்றால் மூப்பர் ஒரே பிடியாக நின்றார். "ஜெபம் பண்ணின சாமான விக்கதா? என்ன பேச்சு பேசுதீரு?"

கடைசியாக மாஸ்டரிடம் போனேன். "எனக்கு ஏற முடியல. நீங்க எல்லாரும் குழாய இழுத்துக் கொஞ்சம் இறங்கி வரப்பிடாதா?" வாய்விட்டுக் கேட்டேன். எனக்கு அது பெரிய இறக்கம்தான்.

அவர் வாதக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "ஆர்கன் எப்படி வே இறங்கும்? ஒரு ஆளுக்காக அம்புட்டு பேரும் இறங்க முடியுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அதோடு முடிந்தது. பாண்டு போகிறபோது நான் தெரு ஓரத்தில் நின்று பார்க்கிற ஆளாகிவிட்டேன். முன்வரிசையில் என் கார்னெட்டை அந்த வாலிபன் ஊதிக்கொண்டு போவான். நன்றாகத்தான் ஊதினான். அதுவும் ஒரு வேதனை.

தனியாக டூபா ஊதினால் பாட்டு வராது. அடி மட்டும் வரும். கேட்கிறவர்களுக்கு மாடு கத்துவதுபோல இருக்கும். பக்கத்து வீட்டார் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு நாள் சாயந்திரம் நான் வீம்புக்கு ஒரு ஞானப்பாட்டின் அடியை ஊதிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி அதன்மேல் மெட்டைப் பாடிக்கொண்டே வெளியே வந்தாள். சுருதி பிசிறவில்லை. நான் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"உனக்குச் சுருதி கீழ இருக்காதா?"

"எனக்கு எங்கன இருந்தா என்ன? நீங்க ஊதுங்க, நான் சேந்துக்கிடுதேன்."

ஆர்கன் இறங்காது, கார்னெட் இறங்காது, சபை இறங்காது. அவள் இறங்கினாள். அதை ஒரு பெரிய தியாகம் மாதிரி அவள் நினைக்கவே இல்லை. கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கினாள். அன்று தொட்டு அவள் அடுப்பை மூட்டுகிற வேளையில் நான் டூபாவை எடுப்பேன். பக்கத்து வீட்டார் மாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டார்கள். ஜெர்மன் சண்டை தொடங்கி, அரிசி விலை ஏறி, எங்கள் இருவருக்கும் தலை நரைத்து, அவள் குரலில் கரகரப்பு விழுந்த பிறகும் அது நடந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். தெருவில் பாண்டுச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிற ஆளாகத்தான் கடைசிவரை இருந்தேன். ஆனால் இருந்தேன்.

சண்டை முடிகிற சமயத்தில், ஐப்பசி மழையோடு அந்த விஷக்காய்ச்சல் வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீட்டுக்கு வீடு பாய் விரித்துக் கிடந்தார்கள். ஐயர் கிடந்தார், பாண்டுக்காரர்களில் பாதிப்பேர் கிடந்தார்கள். அவள் கஞ்சி வைத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் படுத்தாள். மூச்சு வாங்கியது. வாய் அசைந்தது, பாடுகிறாளா, தண்ணீர் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் விடிந்தபோது போய்விட்டாள்.

சவம் தூக்கவே ஆள் இல்லாத நேரம். பாண்டை நான் எதிர்பார்க்கவில்லை, விரும்பவும் இல்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படும்போது மாஸ்டர் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். அவருடன் என் கார்னெட்டை வாங்கிய அந்த வாலிபனும் வந்தான், இப்போது அவன் வாலிபன் இல்லை. மூப்பரும் வந்தார், ஒரு மகனை அடக்கம் பண்ணிய கையோடு.

"டூபாவ எடும் வே" என்றார் மாஸ்டர்.

"எதுக்கு?"

"எடும்ங்கேன்."

குழியருகே நின்றோம். மாஸ்டர் என்னை ஒரு சுரம் ஊதச் சொன்னார். ஊதினேன். கார்னெட்காரனிடம், "குழாய வெளிய இழு" என்றார். அவன் கொஞ்சம் இழுத்து ஊதினான். "இன்னும். பைய. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கன நிறுத்து." இரண்டு சத்தமும் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொண்டன. நான் அவன் கையைப் பார்த்தேன். வெளியே வந்திருந்த குழாய் என் பெருவிரல் அகலம்கூட இருக்காது. இத்தனை வருஷமும் எனக்கும் அவர்களுக்கும் நடுவே கிடந்தது அவ்வளவுதான்.

அவள் அடுப்படியில் பாடுகிற பாட்டைத்தான் ஊதினோம். நன்றாக வந்தது. நன்றாக வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கார்னெட் மெட்டை ஊதிய இடத்தில் அவள் குரல் இருக்க வேண்டும். அவள் குரலைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, இப்போது எனக்குத் துணை தருகிறார்கள். வாயை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடி இல்லாமல் அவள் பாட்டு அந்தரத்தில் நிற்குமே என்று கடைசிவரை ஊதினேன்.

மண் போட்டு முடித்ததும் மூப்பர் என் தோளைத் தொட்டார். அழுது சிவந்த கண். "சுருதி சேந்துட்டுல்லா. நான் அன்னைக்கே சொன்னேம்லா, பழகினா சரியாப் போகும்னு." ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவரை அடிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

அப்போது அடுத்த சவம் வந்துகொண்டிருந்தது. அதற்கும் ஊத வேண்டும் என்று மாஸ்டர் கார்னெட்காரனைக் கூப்பிட்டார். அவன் வாத்தியத்திலிருந்த எச்சிலை உதறிவிட்டு, இழுத்திருந்த குழாயைப் பெருவிரலால் பழையபடி உள்ளே தள்ளினான். தள்ளிவிட்டு, நான் பார்ப்பதைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டான். நான் டூபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று அடுப்பு மூட்டவில்லை.